உன் வீட்டு இடிமண் எங்கே?

தியான வேதபகுதி: நெகேமியா 3:14, 4:10

 

இந்த மாத எழுப்புதல் செய்தியில் ஒரு பெரிய தரிசனத்தைப் பற்றியோ ஒரு அற்புத சுகத்தைப் பற்றியோ நான் எழுதப்போவதில்லை. 41 சாக்கு மண்ணைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். அந்த 41 சாக்கை வைத்துக் கர்த்தர் என்னோடு பேசினதுபோல, சில கன்வென்ஷன் கூட்டங்களில்கூட அவர் என்னோடு பேசினதில்லை.

நான் திருவொற்றியூரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். குளியலறைத் தரை ஒழுகி, கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் இறங்கிவிட்டது. சமையலறைத் தரையும் அங்கங்கே பெயர்ந்துபோயிற்று. கொத்தனாரையும் சித்தாளையும் வைத்துச் செய்ய அப்போது கையில் காசு இல்லை. "நாமே இடிச்சிடலாம்பா, தரை போடுறதுக்கு மட்டும் ஆளைக் கூப்பிட்டுக்கலாம்" என்றான் என் மூத்த மகன். சரியென்று சம்மட்டியும் உளியும் கடப்பாரையும் வாங்கிவந்து, ஜெபம்பண்ணி, ஆரம்பித்தோம்.

இடிக்கிறது சுகமான வேலை, பிரியமானவர்களே! இரண்டே நாளில் பழைய பச்சை டைல்ஸ், அதன் அடியில் மூன்று அங்குலக் காரை, சுவரில் பாதி பூச்சு எல்லாம் தரைமட்டம். மூன்றாம் நாள் காலையில் எழுந்து பார்த்தேன். என் வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டுகிறதைப் பற்றி யோசித்தேன். இடிக்கிறதைப் பற்றியும் யோசித்தேன். இடித்தது எங்கே போகும் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

1. கட்டுகிறவன் வீட்டில்தான் இடிமண் இருக்கும்

நெகேமியாவின் புஸ்தகத்தை வாசித்துப்பாருங்கள். எருசலேமின் அலங்கம் பாபிலோனியரால் இடிக்கப்பட்டு ஏறத்தாழ 140 வருஷம் அப்படியே கிடந்தது. நெகேமியா ராத்திரியில் அதைச் சுற்றிப் பார்க்கப் போனபோது, அவர் ஏறியிருந்த மிருகம் நுழைந்துபோகவும் ஓரிடத்தில் வழியில்லாமற்போயிற்று (நெகே. 2:14). அத்தனை இடிபாடு!

வேலை ஆரம்பமாயிற்று. அலங்கம் பாதி உயரம் எழும்பிவிட்டது. அந்த நேரத்தில் யூதா மனுஷர் சோர்ந்துபோய் என்ன சொன்னார்கள் தெரியுமா? சுமக்கிறவர்கள் களைத்துவிட்டார்கள், இடிமண் ஏராளமாய்க் கிடக்கிறது, இனி எங்களால் கட்ட முடியாது என்றார்கள் (நெகே. 4:10). கவனியுங்கள். வெளியே சன்பல்லாத்து பரியாசம்பண்ணினான், தொபியா மிரட்டினான். அந்த அதிகாரத்தின் முதல் பகுதியில் அவர்களுடைய பரியாசம் வேலையை நிறுத்தவில்லை. ஜனங்களின் கையைத் தளரப்பண்ணினது கால்மாட்டில் கிடந்த மண்.

அநேக விசுவாசிகள் இப்படித்தான் இருக்கிறார்கள். எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்தார்கள். ஆவியானவர் பழைய பூச்சை உரித்தார், பழைய தரையைப் பெயர்த்தார். நல்லது. ஆனால் பெயர்ந்ததை அப்புறப்படுத்தவில்லை. பழைய கடன், பழைய பகை, பழைய பொய் எல்லாம் வீட்டுக்குள்ளேயே குவிந்து கிடக்கிறது. பிறகு, "ஏன் பாஸ்டர், என்னால வளர முடியல?" என்று கேட்கிறார்கள். சகோதரனே, கட்ட இடம் எங்கே இருக்கிறது?

2. "எங்கே கொட்டுவேன்னு கேட்காதீங்க"

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நானும் மகனும் மண்ணை சிமெண்டு சாக்கில் கட்டினோம். எண்ணிப் பார்த்தால் 41 சாக்கு. ஒரு சாக்கு 30 கிலோ என்றாலும் 1,200 கிலோவுக்கு மேல்! ஒரு சின்ன குளியலறை, ஒரு சின்ன சமையலறை, அதற்கே இவ்வளவு. மாடிப்படி ஓரத்தில் வரிசையாய் அடுக்கி வைத்தோம். நாலு நாள் கிடந்தது. ஏறி இறங்குகிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

மீன்பாடி வண்டிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு தொகை சொன்னார். நான் ஊழியக்காரன் என்று சொல்லிக் குறைக்கச் சொன்னேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், ஆனால் அப்படித்தான் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, "சரி சார், கொறச்சிக்கிறேன். ஆனா எங்க கொட்டுவேன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமலிருந்தால் எனக்குப் பாவமில்லை என்று என் மனச்சாட்சிக்குத் தாலாட்டுப் பாடினேன். 25 சாக்கை ஏற்றிக்கொண்டு போனார். எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கால்வாய்க் கரையில், ஏதோ ஒரு ஏழையின் குடிசைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

மீதி 16 சாக்கு. மறுபடியும் வண்டிக்குக் காசு கொடுக்க மனசு வரவில்லை. ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குமேல், நானும் என் மகனும் ஒவ்வொரு சாக்காய்ப் படியில் இழுத்துக்கொண்டுபோய், குடியிருப்புக்குப் பின்னால் மழைநீர் வடிகால் ஓரமாய் வைத்துவிட்டு வந்தோம். "நாளைக்கு யாராவது எடுத்துப்பாங்கப்பா" என்று என் மகனுக்குச் சொன்னேன். ஒரு தகப்பன் தன் பிள்ளைக்குச் சொல்லக்கூடாத வார்த்தை அது.

மூன்று வாரத்தில் ஐப்பசி மழை பிடித்தது. நம் பக்கத்து மழை எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாக்கு நைந்து கிழிந்தது. மண்ணும் காரையும் வடிகாலுக்குள் சரிந்து, வாயை அடைத்தது. தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி, தரைதளத்து வீடுகளுக்குள் ஏறிற்று.

தரைதளத்தில் ஒரு வயதான தாயார் தனியாக இருக்கிறார்கள். எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுவோம். கருவாடு விற்றுப் பிழைக்கிறவர்கள். நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர்கள் இரட்சிக்கப்படவேண்டும் என்று என் மனைவி ஆறு வருஷமாய் ஜெபித்துக்கொண்டு வருகிறாள். அந்த ஆயாவின் வீட்டுக்குள் கணுக்காலுக்குமேல் சாக்கடைத் தண்ணீர். தரையில் வைத்திருந்த இரண்டு கூடைக் கருவாடும் போயிற்று.

காலையில் எல்லாரும் கூடி நின்று அதிகாரிகளைத் திட்டினார்கள். பிரியமானவர்களே, நானும் அவர்களோடு நின்று திட்டினேன்! பிறகு வேலையாட்கள் வந்து அடைப்பை வாரி மேலே போட்டார்கள். சேற்றோடு சேறாய் வெளியே வந்து விழுந்தது, என் வீட்டுப் பச்சை டைல்ஸ் துண்டு. என் மகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. நான் மாடியேறி வந்துவிட்டேன்.

3. குழியைத் திறந்தவனே உத்தரவாதி

அந்த வாரம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஆகானைப் பற்றிப் பேசலாம் என்று ஆயத்தம்பண்ணியிருந்தேன் (யோசுவா 7). கூடாரத்துக்குள் மண்ணைத் தோண்டி ஒளித்துவைத்தவன் அவன். "நீ உன் மண்ணை எங்கே ஒளித்தாய்?" என்று ஆவியானவர் என்னைக் கேட்டார். குறிப்புத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

யாத்திராகமம் 21:33, 34 வசனங்களுக்கு என் கண்கள் திருப்பப்பட்டன. ஒருவன் ஒரு குழியைத் திறந்து அதை மூடாமல் விட்டு, அதில் அயலானுடைய மாடோ கழுதையோ விழுந்தால், குழிக்குச் சொந்தக்காரனே அதற்குப் பணம் கொடுத்துத் தீர்க்கவேண்டும். "நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்கிற சாக்குப்போக்குக்கு அங்கே இடமில்லை. "நாலுபேர் செய்கிறதைத்தானே நானும் செய்தேன்" என்பதற்கும் இடமில்லை. குழி யாருடையது? அவன் பணம் கட்டட்டும். அவ்வளவுதான்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தையும் எடுத்துப் பாருங்கள். சுவரில் தோஷம் கண்ட ஒரு வீட்டைக் குறித்துத் தேவன் மோசேக்கும் ஆரோனுக்கும் சொல்லுகிறார். முதலில் வீட்டைக் காலிபண்ணவேண்டும். பிறகு கெட்டுப்போன கல்லைப் பெயர்க்கவேண்டும், உட்புறத்துப் பூச்சைச் சுரண்டவேண்டும். சுரண்டின மண்ணை எங்கே போடுவது? அதையும் கர்த்தர் சொல்லாமல் விடவில்லை. பட்டணத்துக்கு வெளியே, அதற்கென்றிருக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும் (லேவி. 14:40, 41, 45). வானத்தையும் பூமியையும் படைத்த தேவன், ஒரு வீட்டின் சுரண்டின காரை எங்கே போகவேண்டும் என்று கட்டளை கொடுக்கிறார். ஏன்? அதைத் தெருவில் போட்டால் அடுத்தவன் மிதிப்பான். அவன் வீட்டுக்கும் தோஷம் போகும். பரிசுத்தம் என்பது என் வீடு சுத்தமாவது மட்டுமல்ல. என் வீட்டு அசுத்தம் அடுத்தவன் வாசலில் போய்ச் சேராதிருப்பதும் பரிசுத்தம்தான்.

நம்முடைய வடசென்னைக்கு இது தெரியாதா? இத்தனை வருஷமாய் ஊரார் தங்கள் குப்பையை எங்கே கொட்டினார்கள்? கொடுங்கையூர் மேட்டில் கொட்டினார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் எங்கே போய்ப் படிந்தது? கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எங்கே போயிற்று? எண்ணூர் முகத்துவாரத்தில் நம் மீனவச் சகோதரர்களுடைய படகிலும் வலையிலும் ஒட்டிற்று. "எங்க வாசல்லதானா கொட்டணும்?" என்று நாம் அழுதோம். அது நியாயமான அழுகை. ஆனால் அதே நான், ராத்திரி பதினோரு மணிக்கு, என் கீழ்வீட்டு ஆயாவின் வாசலில் என் மண்ணைக் கொட்டினேன். எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அளவில்தான் வித்தியாசம்!

4. அறிக்கை

உபவாச ஜெபம் முடிந்து நேரே கீழே போனேன். ஆயா தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என்னென்னவோ சொல்ல யோசித்துப் போனேன், வாயில் வரவில்லை. "ஆயா, அந்த வடிகால்ல மண்ணு போட்டது நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. ராத்திரியில படியில சாக்கு இஸ்துக்கினு போற சத்தம் கேட்டுச்சி. நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்கள்.

எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கொஞ்சநேரம் கழித்து, "உன் சாமி சொல்லி வந்தியா, மாட்டிக்குவோம்னு வந்தியா?" என்று கேட்டார்கள்.

"ரெண்டும்தான் ஆயா" என்றேன். உள்ளதைச் சொன்னேன்.

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். "சரி, உக்காரு" என்றார்கள்.

சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனபோது, அவன் பாட்டுப் பாடவில்லை, சாட்சி சொல்லி முடிக்கவுமில்லை. யாரிடத்தில் அநியாயமாய் வாங்கினானோ அவனுக்கு நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்றான் (லூக்கா 19:8). மனந்திரும்புதல் கண்ணிலிருந்து மடிப்பைக்கு இறங்கவேண்டும். இரண்டு கூடைக் கருவாட்டின் விலையைக் கேட்டேன். சொன்னார்கள். மேற்கொண்டு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். சேர்த்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சரியான விலையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் சனிக்கிழமை நானும் என் மகனும் வாலிபத் தம்பிகள் நாலுபேரும் பாண்டும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, வடிகால் ஓரத்தில் மிச்சம் கிடந்த மண்ணையெல்லாம் வாரி, இந்தமுறை சேரவேண்டிய இடத்துக்கு அனுப்பினோம்.

ஆயா இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. வந்துவிட்டார்கள் என்று எழுதினால் கதை நன்றாயிருக்கும், ஆனால் அது பொய்யாகும். போன மாதம் அவர்களுடைய பேரனுக்குக் காய்ச்சல் என்று, ஜெபம்பண்ணச் சொல்லி அவர்களே மேலே ஏறி வந்தார்கள். ஆறு வருஷத்தில் அவர்கள் எங்கள் படியேறினது அதுதான் முதல்தரம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

5. குப்பைமேட்டு வாசலைக் கட்டின மல்கியா

எருசலேமுக்கு ஆட்டுவாசல் இருந்தது, மீன்வாசல் இருந்தது, ஊருணிவாசல் இருந்தது. குப்பைமேட்டு வாசலும் இருந்தது. பட்டணத்துக் கழிவெல்லாம் வெளியே போகிற வாசல் அது. அந்த வாசலைப் பழுதுபார்த்துக் கட்டினது யார்? மல்கியா என்னும் ஒரு மனுஷன். அவன் கூலிக்காரன் அல்ல, ஒரு மாகாணத்துக்குப் பிரபு (நெகே. 3:14). நாற்றமடிக்கிற வாசலில் ஒரு பிரபு நின்று கதவையும் பூட்டையும் தாழ்ப்பாளையும் போட்டான். வேதம் அவன் பெயரை இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறது.

ஏன் அந்த வாசல் வேண்டும்? அது இல்லாவிட்டால் கழிவு பட்டணத்துக்குள்ளேயே தங்கும், அல்லது யாருக்கும் தெரியாமல் மதிலுக்கு மேலே எறியப்படும். எசேக்கியா ராஜாவின் நாளில் ஆலயத்தைச் சுத்திகரித்தபோதும், ஆசாரியர் உள்ளேயிருந்த அசுத்தத்தைப் பிராகாரத்துக்குக் கொண்டுவந்தார்கள், லேவியர் அதை எடுத்துக் கீதரோன் ஆற்றண்டைக்குச் சுமந்துபோனார்கள் (2 நாளா. 29:16). எழுப்புதலுக்கு ஒரு வெளிவாசல் வேண்டும், பிரியமானவர்களே!

ஆகையால் நம் சபையாருக்கு, வீட்டை இடித்துக் கட்ட நினைக்கிற ஒவ்வொருவருக்கும், நான் பட்டு அறிந்ததையும் கேட்டு அறிந்ததையும் சொல்லுகிறேன். இதுவும் செய்தியின் ஒரு பங்குதான், தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

(அ) சம்மட்டியைத் தூக்குமுன் விசாரியுங்கள். தூண், பீம், பாரம் தாங்குகிற சுவர் இவைகளில் கை வைக்கக்கூடாது. குடியிருப்பில் உங்கள் சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. மேல்வீட்டைத் தாங்குகிறதும் அதுதான். 2021 டிசம்பர் 27-ஆம் தேதி நம் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி அப்படியே சரிந்து விழுந்ததை நாம் மறக்கவில்லை. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்னமே வெளியே வந்துவிட்டபடியால், தேவகிருபையால் ஒரு உயிரும் போகவில்லை. பழைய கட்டிடத்தில் விரிசலைக் கண்டால் பூசி மறைக்காதீர்கள். தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

(ஆ) செலவைக் கணக்குப் பாருங்கள். கோபுரம் கட்டுகிறவன் முன்னதாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்னார் அல்லவா (லூக்கா 14:28)? 10 அடிக்கு 10 அடி அரைச்செங்கல் சுவரை இடித்தால் ஏறத்தாழ 2 டன் வரும். 30 கிலோ சாக்கில் 60-க்கு மேல். டைல்ஸ் விலையை எழுதுகிற அதே தாளில் மண் அள்ளுகிற செலவையும் எழுதுங்கள்.

(இ) ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். குடியிருப்புத் தளங்கள் பொதுவாய்ச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் வருமென்று கணக்கிட்டுக் கட்டப்படுகின்றன. மூன்றடி உயரத்துக்கு இடிமண் குவித்தால் அது அதே இடத்தில் 1,000 கிலோவைத் தாண்டும். பால்கனியிலும் மொட்டைமாடியிலும் அடுக்கிவைத்து மாதக்கணக்கில் விடுவது ஆபத்து. அன்றன்றைக்கு இறக்குங்கள். படியை அடைக்காதீர்கள். அவசரத்துக்கு ஓட அதுதான் வழி.

(ஈ) தூசியைப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்காதீர்கள். கூட்டுமுன் தண்ணீர் தெளியுங்கள். சிமெண்டுத் தூசியிலும் கல் தூசியிலும் கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள் உண்டு. அது நெஞ்சில் தங்கினால் திரும்பி வராது. முகத்தில் கட்டின கைக்குட்டை அதைத் தடுக்காது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காதீர்கள், அறுக்காதீர்கள். நனைத்து முழுசாய் இறக்கித் தனியே வையுங்கள்.

(உ) பிரித்து வையுங்கள். கம்பி, குழாய், கதவு, ஜன்னல் இவைகளுக்குக் காயலாங்கடையில் காசு வரும். முழுச் செங்கல் தேவைப்படுகிறவர்கள் இருப்பார்கள். மிச்சமிருக்கிற காரையும் உடைசலும்தான் கழிவு. அதோடு வீட்டுக் குப்பையைக் கலக்காதீர்கள். கழுவின சிமெண்டுத் தண்ணீரைக் கக்கூஸிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். குழாய்க்குள் இறுகினால் மொத்தக் குடியிருப்பும் அழும்.

(ஊ) மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் பகுதியில் கட்டிட இடிபாட்டை எப்படிக் கொடுப்பது, எவ்வளவுக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். நான் இதைக் கேட்கப் பிடித்தது ஐந்து நிமிஷம். கேட்காமல் போனதால் பட்டது ஒரு மாத வேதனை. இடிபாட்டைத் தெருவிலோ வடிகாலிலோ போடக்கூடாது என்று 2016-லேயே மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2025-ல் புதிய விதிகளும் அறிவிக்கப்பட்டன. தேசத்துச் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறதும் சாட்சிதான் (ரோமர் 13).

(எ) வண்டிக்காரரிடம் பேரம் பேசுமுன், "அண்ணே, எங்க கொட்டுவீங்க?" என்று கேளுங்கள். பதில் சொல்லாதவருக்கு உங்கள் மண்ணைக் கொடுக்காதீர்கள். அந்தக் குறைந்த விலையின் மிச்சத்தை யாரோ ஒரு ஆயா கட்டுவார்கள்.

6. செத்த கல்லுக்கு உயிர் வருமா?

சன்பல்லாத்து ஒரு கேள்வி கேட்டான். சுட்டெரிக்கப்பட்ட இந்த மண்மேட்டுக் கல்லுக்கெல்லாம் இவர்கள் உயிர் கொடுத்துவிடுவார்களோ என்று நக்கலடித்தான் (நெகே. 4:2). அவன் வாய் அடைபட 52 நாளில் அலங்கம் முடிந்தது (நெகே. 6:15).

நம் கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் கட்டிட இடிபாட்டை அரைத்துச் சலிக்கிற நிலையங்களை அமைத்திருக்கிறார்கள். இடித்துப்போட்ட கான்கிரீட்டும் காரையும் அங்கே நொறுக்கப்பட்டு, மணலாகவும் ஜல்லியாகவும் பிரிக்கப்பட்டு, தரையில் பதிக்கிற கல்லாகவும் வார்க்கப்படுகிறது. இதைக் கேட்டபோது எனக்குள் ஆவி அனலாயிற்று. வடிகாலில் ஒளித்த மண் அடைப்பாகிறது. சேரவேண்டிய இடத்தில் ஒப்புக்கொடுத்த மண் கல்லாகிறது! இரண்டும் ஒரே மண்தான்.

உன் பாவமும் அப்படியே, என் சகோதரனே. நீ அதை ஒளித்தால் அது உன் வீட்டையும் அடைக்கும், உன் கீழ்வீட்டையும் அடைக்கும். மழை வருகிறவரைக்கும்தான் அது மறைந்திருக்கும். மழை கட்டாயம் வரும். நீ அதை எங்கே கொண்டுபோவாய்? எபிரெயர் 13:12-ஐ வாசியுங்கள். நம்முடைய இயேசு நகரத்து வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார். ஊர் தன் அழுக்கைத் தள்ளுகிற அந்தப் புறம்பான இடத்துக்கு அவர் தாமே போனார். யார் வாசலிலும் இறக்கமுடியாத உன் சுமையை அவர் தம்மேல் ஏற்றுக்கொண்டார். "எங்கே கொட்டுவேன் என்று கேட்காதே" என்று அவர் சொல்லவில்லை. கல்வாரியைக் காட்டி, இங்கே கொண்டுவா என்கிறார். அறிக்கைசெய்து கொண்டுவருகிறவனை அவர் ஜீவனுள்ள கல்லாக எடுத்துத் தம்முடைய மாளிகையில் வைத்துக் கட்டுகிறார் (1 பேதுரு 2:5). அல்லேலூயா!

இந்தச் செய்தியை வாசிக்கிற தேவபிள்ளையே, உன் வீட்டு இடிமண் எங்கே? படிக்கட்டிலா, அடுத்தவன் வாசலிலா, வடிகாலிலா? நீயே வந்து சொல்லுகிறாயா என்று உன் கீழ்வீட்டில் யாராவது காத்திருக்கிறார்களா? இன்றைக்கே இறங்கிப் போ. ஆராதனைக்கு வருகிறதற்கு முன்னே போ. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடத்தில் போய் ஒப்புரவாகச் சொன்னவர் நம் ஆண்டவரே (மத்தேயு 5:23, 24).

ஜெபம்

அன்பின் பரலோக பிதாவே, ராத்திரியில் நாங்கள் இழுத்த சாக்குகளின் சத்தத்தை நீர் கேட்டீர். நாங்கள் மறைத்ததை நீர் அறிவீர். எங்கள் வீட்டைச் சுத்தமாக்கிக்கொண்டு அயலான் வீட்டை அசுத்தப்படுத்தின எங்களை மன்னியும். நஷ்டப்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுக்கிற மனதையும், வாய்திறந்து அறிக்கையிடுகிற தைரியத்தையும் தாரும். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் காட்டின தவறான மாதிரியை மாற்றும். இராயபுரம் தொடங்கி எண்ணூர்வரைக்கும் இந்தக் கடலோர ஜனங்களின்மேல் இரக்கமாயிரும். அவர்கள் ஆற்றையும் காற்றையும் வாசலையும் ஆசீர்வதியும். எங்கள் சபை குப்பைமேட்டு வாசலைக் கட்ட வெட்கப்படாத சபையாயிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

வாலிபத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. சபையில் யாராவது வீடு பழுதுபார்த்தால், மண் அள்ளுகிற நாளைக் கேட்டு இரண்டுபேர் போய் நில்லுங்கள். அதுவும் ஊழியம்தான்.

மாரநாதா!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஊழியக்காரன்